அப்பா கண் கலங்க வேண்டிய இடம்

1

இந்தக் கதை எனக்குள் பல காலம் ஊறிக் கிடந்து ஒருநாள் பீறிட்டுக் கிளம்பியது என்றெல்லாம் கதை விடமாட்டேன். தொழிற்பள்ளித் தலைமையாசிரியர் போன் பண்ணிக் கேட்டார், சரி என்றேன். ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டுமாம்.

"மாணவர் கருத்து, பெற்றோர் கருத்துன்னு வருஷா வருஷம் போடுறோம் சார். ஒரு ஆள் படிக்கிறதில்ல. நீங்க அதையே கதையாக் குடுத்துடுங்க. எல்லாரும் நல்லாத்தான் சொல்லணும். ஆனா சொல்லிக் குடுத்துச் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது."

முடிவையும் அவரே தயாராக வைத்திருந்தார். பள்ளியின் பட்டறையில் ஒரு பஸ் எஞ்சின் இருக்கிறது. கதையின் கடைசியில் அது ஓட வேண்டும், அதைப் பார்த்து ஓர் அப்பா கண் கலங்க வேண்டும். நடுவில் இருப்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டால் போதும்.

2

கருத்துக் கேட்கப் போனேன். பெற்றோர்கள் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாதுங்க" என்றார் ஒரு தையல்கார அம்மா. உங்கள் பையன் எப்படி என்றேன். "அவன் நல்லாப் படிப்பான். யாரு கண்ணு பட்டுச்சோ, இங்க வந்து சேர்ந்துட்டான்."

கைத்தொழில்தான் எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு என்றார் மருந்துக்கடைக்காரர். மகன் எந்தப் பிரிவு? "இன்ஜினியரிங்." எந்த இன்ஜினியரிங்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழாய் சம்பந்தப்பட்டது" என்றார்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. "கரண்ட் போனா எங்களுக்கு லீவு விட்டுருவாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னவன் எலக்ட்ரிக்கல் பிரிவு. "மத்தியானச் சாப்பாடு வீட்டுல இருந்து கொண்டு வந்துருவேன்" என்றவள் சமையல் பிரிவு.

(இந்தப் பகுதி மலரில் வராது. வந்திருந்தால், தலைமையாசிரியர் வழக்கம்போல் படிக்காமலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டார் என்று பொருள்.)

3

தொடக்கம் ஒன்று: "கிரீஸ் படிந்த அந்தப் பிஞ்சு விரல்களில் நாளைய உலகின்..." வேண்டாம். பிஞ்சு விரலாம். மோட்டார் பிரிவில் படிக்கும் அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது, ஸ்பேனரைப் பிடித்தால் நட்டு தானாகக் கழன்றுவிடும்.

தொடக்கம் இரண்டு: "பஸ் ஷெட் மெக்கானிக் ஒரு முரட்டு மனிதர். பெண் பிள்ளைக்கு எதற்கு..." இதுவும் வேண்டாம். எழுத வசதியாகத்தான் இருந்தது. ஆளை நேரில் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

தொடக்கம் மூன்று: மெக்கானிக் தன் மகளின் டி.சி.யை வாங்க வந்தார்.

இது போதும்.

4

அவள் மோட்டார் பிரிவில் சேர்ந்ததே அவருக்குத் தெரியாது. அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்துச் சேர்ந்துவிட்டாள். தெரிந்த நாளிலிருந்து அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், அவ்வளவுதான். இப்போது கடைசி வருஷம் தொடங்குகிறது. இதோடு போதும், சாதாரணப் பள்ளியில் சேர்த்து வேறு ஏதாவது படிக்க வைக்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்.

அவர் வந்த நேரம், அன்றைக்குப் பெற்றோர் நாள். தலைமையாசிரியர் விடுவாரா? "டி.சி.தானே, கையோட தர்றேன். உங்க பொண்ணுதான் அந்தப் பிரிவுல முதல். மேடையில ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்களேன்."

மேடைக்குப் போகிற வழியில் பட்டறை. எஞ்சினுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மெக்கானிக் நின்றார். ஒரு போல்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பெயின்ட்டுக்கு அடியில் போன வருஷப் பெயின்ட் இருந்தது.

"இதை ஸ்டார்ட் பண்ணுவீங்களா?" என்று கூட வந்த மகளைக் கேட்டார். இந்தப் பள்ளியைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"பெயின்ட் போயிடும்னு தொட விடமாட்டாங்கப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மகள் பார்க்கிறாள் என்று அடக்கிக்கொண்டார்.

(இங்கே எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தேன். டீசல் ஊற்றினேன், பாட்டரி வைத்தேன், நல்ல நல்ல வார்த்தையெல்லாம் போட்டேன். பெயின்ட் கருகி ஒரே நாற்றம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாயிற்று.)

5

சிறப்பு விருந்தினர் பஸ் கம்பெனி மேனேஜர், அதாவது மெக்கானிக்கின் முதலாளி மாதிரி. உழைக்கிறவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று தொண்டை வற்றப் பேசினார். தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பியூன் திறந்து கொடுத்தார்.

பிறகு பெற்றோர் கருத்து. மெக்கானிக் மைக்கை எட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் நல்லா இருக்கு. தரை சுத்தமா இருக்கு." எல்லாரும் கைதட்டினார்கள். "நான் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன். தொழில் மட்டம்னு சொல்லல. எனக்கு அது ரொம்பப் புடிக்கும். ஆனா ஷெட்டுல என்னை எல்லாரும் வாடா போடாம்பாங்க. என் பிள்ளை வயசுல இருக்கிறவனும் அப்படித்தான். எனக்குப் பழகிடுச்சு. இவளை எவனாவது வாடின்னு கூப்பிட்டா என்னால தாங்க முடியாது. அவ்வளவுதான் என் கருத்து."

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமையாசிரியர் தட்டினார், எல்லாரும் தட்டினார்கள்.

அடுத்து மாணவர் கருத்து. மைக் மகளிடம் போயிற்று.

"எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பெருசாப் புடிக்காது. அப்பாகிட்டயே கத்துக்கிறேன்னு கேட்டேன், ஷெட் பக்கமே விடல. அதான் இங்க வந்தேன். பஸ்ஸு எங்க தெருமுனையில திரும்பும்போதே எந்த கியர்ல வருதுன்னு சொல்லிடுவேன். வேற எதுவும் எனக்கு இவ்வளவு புடிச்சதில்ல."

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண் கலங்கியது மேனேஜருக்கு. எழுந்து வந்து மெக்கானிக்கின் முதுகில் தட்டினார். "டேய், இங்க வாடா. இவ்வளவு நல்லாப் பேசுவியாடா நீ? இத்தனை நாளா சொல்லவே இல்லியேடா."

நிஜமான பாசத்தோடுதான் சொன்னார். மகள் கையில் இருந்த மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மெக்கானிக் சிரித்து வைத்தார். மகள் பக்கம் திரும்பவே இல்லை. தலைமையாசிரியரைப் பார்த்து, டி.சி.க்காகக் கையை நீட்டினார்.

மகள் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

6

முடிவு அ: மேனேஜரை நாலு கேள்வி கேட்கிறாள். உங்களுக்கும் எனக்கும் மனசு குளிர்ந்துவிடும். நாளைக்குக் காலையில் அதே ஷெட்டுக்கு வேலைக்குப் போகப் போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.

முடிவு ஆ: ஒன்றும் சொல்லாமல் மைக்கை வைத்துவிடுகிறாள். அப்பா டி.சி.யை வாங்கிக்கொள்வார். அதன்பின் அவள் பஸ் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட...

இல்லை, இதை என்னால் எழுத முடியாது.

முடிவு இ-க்கு ஒரே ஒரு வரிதான் வேண்டும். அப்பாவின் வேலைக்கு உலை வைக்காத வரி, மேனேஜருக்கு உறைக்கிற வரி, கேட்டதும் அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொள்கிற வரி. தோன்றியதையெல்லாம் எழுதித் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றும் பிரமாதம் என்றார். அத்தனையையும் அடித்துவிட்டேன்.

அந்த வரி உங்களிடம் இருக்கலாம். இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

இன்று காலை தலைமையாசிரியர் மறுபடி போன் பண்ணினார். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்களாம்.

"அப்பா கண் கலங்கிட்டாரா சார்?"

"இல்லை சார்" என்றேன். "இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்."