பேனர் முகம்

நான் ரிட்டயர் ஆகி கேமரா வாங்கியதிலிருந்து எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு ஓட்டப்பந்தயப் பயிற்சி கிடைத்துவிட்டது. விசேஷங்களில் நான் எடுத்த படங்களைத்தான், படத்தில் இருப்பவர் செத்தபின் கண்ணீர் அஞ்சலி பேனரில் போடுகிறார்கள். நாலு பேனர் ஆனதும், எனக்கும் எமனுக்கும் கூட்டு என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கோ பரம சந்தோஷம். கேமராவைத் தூக்கினால் கல்யாண மண்டபமே காலி, பந்தியில் எனக்கு இருபது வடை ஜாஸ்தி.

என் மனைவியின் தம்பி அப்பாதுரைதான் ஓட்டத்தில் முதல். ஒரு வளைகாப்பில் என்னைப் பார்த்துவிட்டு, பந்தி முடியும்வரை சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

போன வாரம் அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்து. அப்பாதுரை பாதியாக இளைத்து வந்திருந்தான். என்னைக் கண்டு ஓடவில்லை. மலை பின்னால் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டையின் மேல்பட்டனைப் போட்டான்.

"எடுங்க மாமா."

"என்னடா, இன்னிக்கு அண்டா கிடைக்கலையா?"

"டாக்டர் கையை விரிச்சுட்டாரு மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. நீங்க எடுக்கலன்னா ஆதார் கார்டு போட்டோவைத் தூக்கி பேனர்ல போட்டுடுவாங்க. அது என்னை மாதிரியே இல்ல."

வாழ்நாளில் லட்சம் புளுகு புளுகிய எனக்கு அப்போது ஒன்றுதான் அகப்பட்டது.

"பேட்டரி தீர்ந்துபோச்சுடா."

"சார்ஜ் போட்டுட்டு வாங்க," என்றான், தோள்துண்டைச் சரிசெய்தபடி. "நான் இங்கயே உக்காந்திருக்கேன்."