தலைவர் ஏறி நின்ற கைடு

வரலாற்றில் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்: மரப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் தலைவர், இரண்டாம் முறையும் போட்டியின்றித் தேர்வானவர் (போட்டியிட யாரும் வரவில்லை), செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தம் சொந்தப் பாதத்தால் மனைவியின் இழைப்பு மெஷினை உடைத்தார்.

காரணம் கலை சார்ந்தது. அவர் கேடயம் வாங்கும் புகைப்படம் சுவரில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஏணி கொல்லையில் இருந்தது. கொல்லைக்கு இருபது அடி நடப்பது பதவிக்கு அழகல்ல என்று அவர் நினைத்திருக்கலாம். புகைப்படத்துக்கு நேர் கீழே மெஷின் நின்றது. அதன் மேல் ஓரமாக, நீளவாக்கில் ஒரு இரும்புத் தடுப்பு உண்டு. பட்டறையில் அதற்குக் கைடு என்று பெயர். பலகையை அதோடு அணைத்துத் தள்ளினால்தான் விளிம்பு நேர் செங்குத்தாக இழைபடும். அது பலகைகளைத் தாங்கச் செய்யப்பட்டது, எண்பத்தாறு கிலோ பொதுவாழ்வைத் தாங்க அல்ல. தலைவர் அதன் மேல் காலை வைத்ததும், கைடை மெஷினோடு பிடித்திருந்த காது 'டக்'கென்று முறிந்தது. புகைப்படம் மட்டும் நேராகிவிட்டது.

மனைவி பசைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். வெளியே பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர். உள்ளே பதினான்கு வருடமாக அந்த மெஷினில் பலகை தள்ளியது அவள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை அவளைத் தேடி வந்திருந்தது. நூலகத்துக்கு ஒரு நீள மேசை. நூலகத்து அம்மாள் வாசலில் நின்று, "தலைவரைப் பாக்க வரல, உங்களைத்தான்" என்று சொல்லியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மேல்பலகையைப் பார்க்க வருவாள். அது பிடித்தால் இன்னும் ஐந்து மேசை. ஏழு பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். கைடு இல்லாமல் ஒன்றுகூட ஒட்டாது.

தலைவர் உடனே விசாரணையைத் தொடங்கினார். புகைப்படத்தைச் சரித்தவர் யார் என்பது முதல் கேள்வி. பழைய வார்ப்பிரும்பின் தரம் பற்றி ஒரு சிற்றுரை. டிஜிட்டல் திரை வைத்த புது மெஷின் வாங்க ஒரு குழு அமைக்கலாம் என்று யோசனை. அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, வெல்டிங் கடை வைத்திருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டாள்.

தங்கை வந்து, முறிந்த காதையும் கைடையும் பொருத்திப் பார்த்தாள். பிறகு அக்கா வீட்டுக்காரரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"மாமா, நீங்க நாற்காலியோட நிறுத்திக்கக் கூடாதா?"

வார்ப்பிரும்பு கோபக்காரச் சம்பந்தி மாதிரி. அவசரப்படுத்தினால் வேறு இடத்தில் விரிசல் விடும். அதனால் தங்கை உடைந்த வாய்களைச் சாய்வாகத் தேய்த்து, கரி அடுப்பில் மெல்லச் சூடேற்றி, பித்தளைக் கம்பியை உருக்கி ஊற்றி ஒட்டினாள். சூட்டோடு சூடாக ஒரு டிரம்முக்குள் சாம்பலில் புதைத்தாள். நாளை காலைவரை திறக்கக் கூடாது, காற்றுப் பட்டால் போச்சு என்றாள். மூடியில் சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்: மாமா தொடக் கூடாது. தலைவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் முழுக்க டிரம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்மிடமிருந்து அதைக் காப்பாற்ற வேறு நம்பகமான ஆள் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை வெளியே எடுத்தார்கள். ஒட்டு கல்லாக நின்றது. ஆனால் சூட்டில் கைடின் முகம் நடுவில் ஒரு முடி கனம் புடைத்திருந்தது. ஒரு முடிதானே என்றார் தலைவர். ஏழு பலகைக்கு எத்தனை முடி என்று கேட்டாள் மனைவி.

மேட்டைச் சுரண்டி எடுக்கலாம். மெஷினின் மேல்தட்டு துல்லியமான மட்டம். அதில் மெல்ல மை பூசி, கைடைக் கவிழ்த்துத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி தேய்ப்பு. சரி, மைக்கு எங்கே போவது?

அக்காவும் தங்கையும் ஒரே சமயத்தில் மேசைமேல் இருந்த சங்க முத்திரை மைப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அது சங்கத்துச் சொத்து" என்றார் தலைவர்.

"கைடு என் சொத்துங்க" என்றாள் மனைவி.

ஆறு வருடத்தில் அந்த மை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான். பழைய அரத்தை முனை தீட்டிச் சுரண்டியாக்கினாள் தங்கை. ஒரு மணி நேரம் சும்மா வேடிக்கை பார்த்த தலைவருக்குப் பொறுக்கவில்லை. தள்ளு, பிடிக்கிற பிடியே சரியில்லை என்று வாங்கிக்கொண்டார். பதவி வருவதற்கு முன்னால் அவருக்கு நல்ல கை இருந்தது. மனைவி கட்டிக்கொண்டதே அந்தக் கையைப் பார்த்துத்தான். வியாழனும் சுரண்டினார். இரும்பு மாவு மாவாக உதிர்ந்தது. மூக்கைச் சொறிந்ததில் மூக்கு ஊதாவானது; நெற்றியில் சங்கத்தின் பெயர் பாதி தலைகீழாகப் பதிந்திருந்தது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. மாவட்டப் பொருளாளர் கையெழுத்து வாங்க வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, வேறு நாள் வருவதாகப் போய்விட்டார். தலைவர் கவனிக்கவேயில்லை. அவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார், சுதியில்லாமல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கைடை மாட்டினார்கள். மனைவி இரண்டு பலகைகளின் விளிம்பை இழைத்தாள். சீவல் ரிப்பனாகச் சுருண்டு விழுந்தது. ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மூன்று பேரும் குனிந்து, கன்னத்தோடு கன்னம் இடிக்கப் பார்த்தார்கள். இடையில் ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை.

"ஏறிக் கெடுத்தாலும் இறங்கிக் குடுத்துட்டீங்க" என்றாள் மனைவி. தலைவர் சிரித்தார். கேடயம் வாங்கும்போதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை, புகைப்படமே சாட்சி.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பலகையும் ஒரே பலகையாகக் கிடந்தது. நூலகத்து அம்மாள் உள்ளங்கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டு போனாள். மறுபடி தடவிக்கொண்டு வந்தாள். ஒட்டு எங்கே என்று கேட்டாள். மனைவி முதல் மேசையின் பில்லில் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தாள். மீதி ஐந்தும் உங்களுக்கே என்றாள் அம்மாள். தங்கை விசில் அடித்தாள். ஊதா மூக்கோடு தலைவர் முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, உழைப்பு, ஒற்றுமை, பெண்மை ஆகிய மூன்றைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேசினார்.

மேசைக்கு இன்னும் கால் செய்யவில்லை.