பொனிராவுக்கு வராத கத்திரிப்பூ நிறத் துணி

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் தேடிப் பிடித்ததல்ல. இந்தோனேசியாவின் சோலோ நகரில் என் வாடகை அறைக்குக் கீழே பொனிராவின் ஓவர்லாக் கடை. அந்த மெஷின் சத்தத்தில் என் நாவல் நகரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கடை லீவு விட்ட நாளிலும் நகரவில்லை. சரி, சத்தத்தையே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

'ஈரக் காலையொன்றில், நூல்களின் மௌனத்தினூடே அவள்...'

(அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவனை நானே படிக்கமாட்டேன்.)

2

தையல்காரர்கள் வெட்டிய துணியை இவளிடம் கொடுத்து ஓரம் அடித்து வாங்கிப் போவார்கள். இந்த மெஷின் பின்னால் போகாது. அதனால் தொடக்கத்தில் தொங்கும் நூல் வாலை முன்னால் இழுத்து, தையலுக்குள்ளேயே மறைக்க வேண்டும். முடிவில் துணியைத் தாண்டி ஒரு தையல். பிறகு துணியைப் புரட்டிப் போட்டு, வந்த வழியே கொஞ்சதூரம் தைத்து வெளியேற வேண்டும். சோம்பேறிகள் வாலை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், கையைத் தூக்கினால் பிரியும்.

(கதை எழுதுவதும் இப்படித்தான் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. சொல்லமாட்டேன்.)

3

பொனிராவின் அக்கா துமினா. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்ற சண்டையில் பேச்சு நின்றுபோனது. இப்போது துமினா மகளுக்குக் கல்யாணம். இங்கே கல்யாணமென்றால் ஒரே நிறத்தில் துணி எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். துணி வந்தால் சொந்தம். வராவிட்டால்...

தையல்காரர் சுகிமின் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்.

"யார் வீட்டு விசேஷம்?" என்றாள் பொனிரா.

"உங்க அக்கா வீட்டுதுதான். தெரியாதா?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியாம என்ன? வச்சிட்டுப் போங்க."

அவர் போனதும் மூட்டையை அடிவரை கிளறினாள். அவள் அளவில் ஒன்றுமில்லை. மாடிப்படியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

முடிவு, ஒன்று: எல்லா வாலையும் ஒட்ட நறுக்குகிறாள். கல்யாணப் பந்தலில் போட்டோவுக்குக் கை தூக்கிய அத்தனை சொந்தத்துக்கும் அக்குள் பிரிகிறது. (சிரித்துச் சிரித்து எழுதினேன்.)

முடிவு, இரண்டு: துமினாவே துணியோடு ஓடி வருகிறாள். கண்ணீர். கட்டிப்பிடித்தல். (தூ.)

இரண்டையும் பொனிராவிடமே படித்துக் காட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

"என் கைவேலைய நானே கெடுப்பேனா? உங்களுக்கென்ன கிறுக்கா தம்பி?"

"கதைதானே பொனிராக்கா..."

"கதைன்னா நான் கேவலப்படணுமா? மூக்கு சப்பைன்னு வேற எழுதியிருக்கீங்க!"

மூக்கை எடுத்துவிட்டேன்.

5

மூட்டை முழுவதும் முடித்துவிட்டாள். கடைசியாக அக்காவின் சட்டைக் கை. துணியைப் புரட்டிப் போட்டு, மற்றவற்றைவிட நீளமாகவே திரும்பித் தைத்தாள்.

"அவளுக்கு அக்குள்ல நூல் உரசினா தடிச்சிடும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

கல்யாணத்துக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"போகாம? நான் தூக்கி வளத்த பொண்ணு தம்பி." மெஷினை நிறுத்தினாள். "போட்டோல எல்லாரும் கத்திரிப்பூக் கலர்ல நிப்பாங்க. நான் எதப் போட்டுக்கிட்டுப் போறது? அந்த வாலு இந்த வாலுன்னு எழுதுறீங்களே, இத எழுதுங்க பாப்போம்."

எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். உங்களுக்குத் தெரிந்தால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள்.