முனிராஜ் வந்து பார்க்கும் வரை

பந்தல்காரர்கள் தெருவில் கம்பங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, மாதேஸ்வரி உள்ளறைக் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, யாரும் உள்ளே போய்விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அழ வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்து அழட்டும். உள்ளறைக்கு மட்டும் யாரும் போகக் கூடாது. அங்கே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் புருஷன் முனிராஜ் அதை ஓடவிட்டுப் போனான்.

"ரேம் பழசு, செகண்ட்ஸ்ல வாங்கினது. டெஸ்ட் ஓடுது. தப்பு இருந்தா செவப்புல காட்டும். நான் வந்து பாக்குற வரைக்கும் யாரும் ஆஃப் பண்ணிடாதீங்க."

மத்தியானம் போன் வந்தது. மெஷின் பக்கத்தில் நின்றவன் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போஸ்ட்மார்ட்டம் முடித்து இன்றைக்குத்தான் உடம்பைத் தருகிறார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்காக. மாதேஸ்வரி வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து அச்சகத்துக்கு அனுப்புகிறவள். ஓசூரில் ஒரு கல்யாணம் என்றால் பெண் வீட்டுக்குத் தெலுங்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கன்னடம், மண்டபத்து வாசலுக்குத் தமிழ். பழைய கம்ப்யூட்டர் மூன்று மொழியிலும் முக்கி முனகி, போன மாதம் உயிரை விட்டது. புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று அவள் நினைத்தாள். முனிராஜ் அப்படி லேசில் விடுகிற ஆளா?

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம். வைரஸ் தொல்லை இல்ல. பழைய சாமானா இருந்தாலும் நல்லா ஓடும்."

"நான் பழகின சாஃப்ட்வேர் அதுல ஓடாதுங்கறீங்க. அப்பறம் எனக்கெதுக்கு அது?"

"வேற இருக்குது, சொல்லித் தரேன். ஒரு மாசம் பாரு. புடிக்கலைன்னா விண்டோஸையே போட்டுத் தரேன்."

அதோடு விட்டானா? நீ நாள் பூரா என்ன பண்றே, எந்த எழுத்துல அடிக்கிறே, ஸ்கேனர் எத்தனை தரம் வேணும் என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு குடைந்தெடுத்தான். லீவு நாளெல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் சந்தைதான். லினக்ஸ் போட்ட பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, இதைச் சொருகி ஆன் பண்ணிக் காட்டு, வைஃபை வருதா, சவுண்டு வருதா, வந்தால்தான் வாங்குவேன் என்று நிற்பான். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், போர்டில் இருப்பதே போதும் என்று முடிவு செய்ய ஒரு வாரம். வைஃபை கார்டை மட்டும் இரண்டு தரம் மாற்றினான். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று ஒரு கடைக்காரன் சொன்னதை அவனே வந்து சொல்லிச் சிரித்தான். என்னைப் பார்க்க வந்தப்போ இதுல பாதிகூட விசாரிக்கலையே என்று அவள் முறைத்தாள்.

இப்போது முதுகுக்குப் பின்னால் அதன் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அடங்கும், திடீரென்று வேகம் எடுக்கும், மறுபடியும் அடங்கும். நாற்காலியில் ஒரு ஆள் இப்படியும் அப்படியும் அசைந்து உட்காருவது போலவே இருந்தது. ஷிஃப்டுக்கு முன்னால் தினமும் அவன் அந்த அறையில்தான் இருப்பான். கதவிடுக்கில் அதே நீல வெளிச்சம். இன்று விடிந்ததும் அவளையும் அறியாமல் டீ வைக்கலாம் என்று அடுப்படி வரைக்கும் போய்விட்டாள். அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது.

"அக்கா, உள்ள யாரு?" என்று பக்கத்து வீட்டு முனிலட்சுமி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாருமில்ல. கம்ப்யூட்டர்."

"அண்ணன் இருக்கிற மாதிரியே இருக்குதுக்கா."

மாதேஸ்வரிக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாமல்பட்டியிலிருந்து முனிராஜின் அண்ணன் கோவிந்தப்பன் வந்து சேர்ந்தார். அவரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, அவரை ஒரு நிமிஷம் உள்ள கொண்டாரணும். இந்த ரூமுக்கு."

"எதுக்கும்மா?"

"வந்து பாக்குறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

கோவிந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெளிய போன உசுரு. ஒடம்பு வாசப்படி தாண்டக் கூடாதும்மா. எங்கப்பனுக்கு பஸ்ல உசுரு போனப்பகூட வெளியதான போட்டிருந்தோம். நாளைக்கு ரூபாவுக்கு ஒண்ணு ஆச்சின்னா ஊரு உன்னைத்தான் பேசும்."

மகள் பேரைச் சொன்னதும் அவள் மறுபடியும் கதவோரம் போய் உட்கார்ந்தாள். முனிராஜ் இனி இந்த வாசலைத் தாண்டப் போவதில்லை. அப்படியானால் அதை யார் நிறுத்துவது, எப்போது நிறுத்துவது? ஓடிக்கொண்டே இருக்கட்டுமா?

ஆம்புலன்ஸ் வந்தது. தெருவே ஒரே அலறலாக எழுந்தது. பந்தலில் ஐஸ் பெட்டியை வைத்து அவனை உள்ளே கிடத்தினார்கள். பெட்டிக்காரர் ஒயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"பெரிய பிளக் வேணுங்க. எர்த் சரியா இருக்கணும், இல்லைன்னா பெட்டியைத் தொடுறவங்களுக்கு ஷாக் அடிக்கும்."

வீட்டில் அப்படிப்பட்ட பிளக் ஒன்றே ஒன்றுதான். உள்ளறையில், கம்ப்யூட்டருக்கென்று முனிராஜ் தானே இழுத்துப் போட்டது.

மாதேஸ்வரி எழுந்து வழி மறிப்பதற்குள் கோவிந்தப்பன் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டார். தம்பி வெக்கையில் கிடக்கிறான் என்ற ஆத்திரம் அவருக்கு. சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. நீலத் திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. மேஜைக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழுந்து நின்றது, மறுபடியும் எழுந்தது. கோவிந்தப்பன் பிடுங்கின பிளக்கைக் கையில் பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார். கதவருகே எட்டிப் பார்த்த ஒருத்தி, "ஐயோ, போவ மாட்டேங்கிறானே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கூடத்தில் அழுகை அப்படியே நின்றுபோனது.

"யூபிஎஸ் பெரியப்பா," என்றாள் ரூபா. "கரண்ட் போனா அதுல ஓடும். கொஞ்ச நேரந்தான். அப்பறம் தானா நின்னுடும்."

தானாக நின்றுவிடும். அந்த வார்த்தைதான் மாதேஸ்வரியை உலுக்கியது. அவன் பார்க்காமலே நின்றுவிடும்.

"ரூபா, அதைத் தூக்கு," என்றாள்.

"எங்கம்மா?"

"அப்பா உள்ள வரக் கூடாதாம். இது வெளிய போலாமில்ல?"

அவள் மானிட்டரை மார்போடு அணைத்துத் தூக்கினாள். ரூபா யூபிஎஸ்ஸைத் தூக்கினாள், கனம் தாங்காமல் சாய்ந்து நின்றாள். நடுவில் கம்ப்யூட்டரின் தகரக் கேபினெட் மிச்சம். மூன்றுக்கும் இடையில் ஒயர்கள். மூன்றையும் ஒன்றாகத் தூக்கினால்தான் நகர முடியும். கீச்சுச் சத்தம் விடாமல் கேட்டது. மாதேஸ்வரி கோவிந்தப்பனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பிளக்கைக் கீழே விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து கேபினெட்டைத் தூக்கினார்.

ஒயர் குட்டை. மூன்று பேரும் ஒட்டி ஒட்டி, அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். சாவு வீட்டில் இது என்ன கூத்து என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பாத்து, படி," என்றார் கோவிந்தப்பன். வாசற்படியைத் தாண்டிப் பந்தலுக்குள் இறங்கினார்கள்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார் பந்தல்காரர். மாதேஸ்வரி ஒன்றில் மானிட்டரை வைத்து, கண்ணாடிக்குள் இருந்த முகத்துக்கு நேராகத் திருப்பினாள். பகல் வெளிச்சத்தில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. முந்தானையை உயர்த்தி நிழல் கட்டினாள். சிவப்பு எங்கேயும் இல்லை. எரர் என்ற இடத்தில் சைபர்.

"ஒண்ணும் தப்பில்லைங்க," என்றாள். "நீங்க எடுத்தது சரியாத்தான் இருக்குது. பாத்துக்கோங்க."

பேட்டரி தீரத் தீர, கீச்சுச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. கோவிந்தப்பன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கேபினெட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். மாதேஸ்வரி கை நீட்டி அதன் பட்டனைத் தேடி, அணையும் வரைக்கும் அழுத்திப் பிடித்தாள்.

விசிறி நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. தகரம் இன்னும் சூடாக இருந்தது.