கீழ்ப்பிடி

மாமனாரின் பெல்ட்டைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையை மருமகள் மறுபடியும் கட்டில்மேல் கொட்டினாள். கண்ணாடி, பல்செட், செருப்பு, சட்டை. அடிவயிற்றில் இறுக்கிக் கட்டும் அந்தத் தடித்த பட்டை மட்டும் இல்லை. ஆப்பரேஷனுக்கு முன்னால் அதை அவிழ்த்து அவளிடம்தான் கொடுத்தார்கள். பையின் அடியில் வைத்ததும் அவளேதான். அவர் வீட்டை விட்டுப் போவதற்கு முன் அது குப்பைக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவர் அடுத்த அறையில், சவப்பெட்டிக்குள் இருந்தார்.

"மாமாவோட பெல்ட்டைப் பாத்தீங்களா?"

"அது இப்ப எதுக்கு?" கணவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "வந்தவங்களுக்குத் தண்ணி குடு."

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது அப்பா, மகன் இருவருக்கும் தொழில். தொடைச் சந்தில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு தெரிந்தபோது மாமனார் சிரித்தார். "வயித்துச் சுவருல ஒரு ஓட்டை, குடல் எட்டிப் பாக்குது. பீரோ கதவு மூடலேன்னா என்ன பண்ணுவோம்? கயித்தைப் போட்டுக் கட்ட மாட்டோம்?" படுத்து அழுத்தினால் உள்ளே போகும், அதன்மேல் பெல்ட். கயிறு கட்டினால் கதவு சரியாகிவிடாது என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்பார். வேலை முடிந்ததே இல்லை.

கடைசியில் ஒரு ஃப்ரிட்ஜை இறக்கியபோது புடைப்பு கல்லாக இறுகிக்கொண்டது. வாந்தி எடுத்தார். அப்போதும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, சாயங்காலம் வரை அழுத்திக்கொண்டே கிடந்தார்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். வண்டிக் கதவில் போர்வை மாட்டிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று மருமகள் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். ஆனால் போர்வை வீங்காது. குடல் நெரிபட்டதும் வீங்குகிறது. வீங்கியதால் இன்னும் நெரிபடுகிறது. ரத்தம் உள்ளே வர வழியில்லாமல் கறுத்துப் போகிறது. கறுத்த துண்டை வெட்டியெடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள்.

"முன்னாடியே நாள் குறிச்சு வந்திருந்தா சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, இதயத்தைப் பாத்து, வெறும் வயித்துல ஓட்டையை மட்டும் அடைச்சு அனுப்பியிருப்போம். அவசரத்துல அதுக்கெல்லாம் நேரம் கிடைக்கிறதில்ல" என்றாள் டாக்டரம்மா.

தையல் கசிந்தது. கிருமி ரத்தத்தில் ஏறியது. சிறுநீர் நின்றது, பிறகு மூச்சு.

"வீட்டுல வேற யாருக்காவது இது இருக்கா?" என்றும் அன்று டாக்டரம்மா கேட்டிருந்தாள்.

"இல்ல டாக்டர்." கணவன் முந்திக்கொண்டு சொல்லியிருந்தான்.

"அண்ணே, லிஃப்ட்டுக்குள்ள பெட்டி போகாது. படிதான்" என்று ஒட்டகம் வந்து நின்றான். கழுத்து நீண்ட கூலியாள். பெயர் வைத்ததே மாமனார்தான். "பெரியவர் எழுந்து பாத்தா, என்னடா இவ்ளோ சின்னச் சாமானுக்கு இத்தனை பேரான்னு கேப்பாரு."

யாரோ சிரித்தார்கள். அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

படியில் இறக்கும்போது பாரம் கீழே நிற்பவர் பக்கம் சாயும். அந்த இடத்துக்குக் கீழ்ப்பிடி என்று பெயர். மாமனார் அதை மகனைத் தவிர யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கணவன் பெட்டியின் கால்மாட்டுக்குப் போனான். இருமல் வந்தது. இருமுவதற்கு முன்பே அவன் வலது கை தொடைச் சந்துக்கு இறங்கி, அங்கே அழுத்திக்கொண்டது.

மாமனார் அப்படித்தான் இருமுவார்.

மருமகள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். சட்டையைச் சரிசெய்வதுபோல அவன் இடுப்பில் கை வைத்தாள். துணிக்கடியில் தடித்த பட்டை தட்டுப்பட்டது.

"எத்தனை நாளா?"

அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"உள்ள போகுதா?"

"படுத்தா போகுது." குரலைத் தாழ்த்தி, "முன்ன மாதிரி சுலபமா இல்ல."

"தள்ளி நில்லுங்க."

"எங்கப்பாடி. நான் தூக்கலேன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரை வச்சு உங்களையும் இந்தப் படியில நான் இறக்கணுமா?"

குரலை அவள் உயர்த்தவில்லை. ஒட்டகம் தரையைப் பார்த்தான். கணவன் பெட்டியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு நகர்ந்தான்.

"காலையில டாக்டரம்மாகிட்ட போறோம்" என்றாள்.

"ம்."

அவள் கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, அவன் விட்ட இடத்தில் குனிந்தாள்.

"அண்ணி, பாரம் முழுக்க இங்கதான் வரும்..."

"தெரியும். நீ அந்தப் பக்கம் பிடி. அண்ணன் திருப்பம் சொல்லுவாரு."

கீழ்ப்பிடியில் ஒட்டகமும் அவளும். மேலே இன்னும் இரண்டு பேர். கணவன் வெறுங்கையோடு முன்னால் இறங்கினான். "இடது பக்கம் ஒடிச்சுத் திருப்புங்க... சுவரு... மெல்ல. இன்னும் ஒரு படி."

பெட்டி எங்கும் இடிக்காமல் இறங்கியது.