இருபதாவது குடும்பம்

பீத்சாரில் ஆள் இருக்கும் வீடுகள் பத்தொன்பதுதான். சட்டம் இருபது கேட்டது. ஒன்று குறைந்தால் ஊருக்குத் தெஹ்யார் பதவி கிடையாது. ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் அந்த ஒரு ஆளும் இல்லாவிட்டால், பனி மூடிய மலைப்பாதையைத் திறக்க எந்திரம் அனுப்பு என்று மேலதிகாரிகளின் உயிரை எடுக்க யாருமில்லை. பீத்சாரின் தெஹ்யார் சனோபர். வாய் கொஞ்சம் நீளம், உழைப்பு அதைவிட நீளம். போன குளிர்காலத்தில் பிரசவ வலியில் துடித்த ஒருத்திக்காகப் பாதையைத் திறக்க வைத்தவள் அவள்தான்.

அதனால் குடிக்கணக்கெடுப்பில் ஒரு சின்னத் தில்லுமுல்லுக்கு அவள் துணிந்தாள். அவளும் மாமியார் தலாவும் ஒரே சொஃப்ரே துணியை விரித்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரே விரிப்பில் சாப்பிட்டால் கணக்கில் ஒரே குடும்பம். முற்றத்துக்கு எதிரே உள்ள அறையில் தானும் கணவன் நாம்தாரும் தனிக்குடித்தனம் என்று எழுதிவிட்டால் இருபது ஆகிவிடும். நாம்தாருக்குத் தெற்கே அசலூயேயில் எரிவாயு ஆலையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டு நாள் வருவான். அதற்கு மேல் விடுப்பே தரமாட்டேன் என்கிறார்கள் என்பான். பதினோரு வருடமாக அவளும் நம்பினாள்.

அவன் பெயரைப் போடாதே, அவன் அங்கேயே எழுதிக்கொள்வான் என்று தலா ஒரு வாரமாக முனகினாள். பொய் சொல்ல இவ்வளவு பயமா என்று சனோபர் கேலி செய்தாள்.

கணக்கெடுக்க நகரத்திலிருந்து வந்த ஃபர்சானே, எல்லா வீட்டிலும் தேநீர் குடித்து முடித்துக் கடைசியாக இங்கே வந்து உட்கார்ந்தாள். சனோபர் கணவனின் அடையாள எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். ஃபர்சானே டேப்லெட்டில் தட்டிவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"அக்கா, இவரு போன வாரமே இணையத்துல பதிஞ்சிட்டாரு. ஷிராஸ் நகரத்துல."

"அவரு அசலூயேல இருக்காரு. நீ தப்பா அடிச்சிருப்ப."

சின்னப் பெண், எதை மறைக்க வேண்டும் என்று தெரியாமல் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டாள். குடும்பத் தலைவர் நாம்தார். மனைவி மெஹ்ரி. மகன், வயது ஒன்பது. மகள், வயது நான்கு.

சனோபர் திரையையே பார்த்தாள். எழுத்தெல்லாம் தெரிந்தது, அர்த்தம் மட்டும் உள்ளே போகவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் குழந்தைக்காக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவன் அவன்தான்.

"யாரோட கணக்கோ மாறிப்போச்சு போல, அத்தே" என்று சிரிக்கப் பார்த்தாள்.

தலா சிரிக்கவில்லை. "பேரைப் போடாதேன்னு சொன்னேன்ல" என்றாள்.

போன வசந்தத்தில் கண் அறுவை சிகிச்சைக்காகத் தலா ஷிராஸில் பதினைந்து நாள் இருந்தாள். மகன் தன் விடுப்பை அங்கேயே கழித்துப் பார்த்துக்கொள்கிறான் என்று சனோபர் நிம்மதியாக இருந்தாள். அவனுக்கென்று ஒரு பை நிறைய வால்நட் வேறு கொடுத்தனுப்பினாள். அதை யார் உடைத்துத் தின்றார்கள் என்பது இப்போது புரிந்தது.

"பாத்தீங்களா அந்தப் புள்ளைங்கள?"

"என் பேரப்புள்ளைங்க, சனோபர். நான் என்ன செய்ய?"

அவன் செய்ததை விட இது அதிகமாக வலித்தது. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த கை இது.

ஃபர்சானே தயங்கித் தயங்கி, மாமியார் வீட்டோடு சேர்த்துப் போட்டுவிடவா என்று கேட்டாள்.

"வேண்டாம். தனிக் குடும்பம்னே போடு. தலைவர் சனோபர். ஆள் ஒண்ணு."

"நெசமாவே தனியாவா சாப்பிடறீங்க? கேக்கணும்னு விதி, அக்கா."

சனோபர் விரிப்பில் இருந்த தன் பங்கு ரொட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முற்றத்தைக் கடந்து எதிர் அறையின் படியில் உட்கார்ந்தாள்.

"இந்த வேளையிலருந்து."

ஃபர்சானே பின்னாலேயே வந்து, கல்யாணம் ஆனவரா என்ற கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும் என்றாள்.

"புருஷன் இருக்கான்னே போடு. எங்கன்னு உன் பொட்டியே சொல்லிருச்சு."

ஊரில் இருபது குடும்பம் ஆகிவிட்டது. இந்தக் குளிர்காலமும் பாதையைத் திறந்து வைப்பார்கள். அந்தப் பாதையில்தான் நாம்தாரும் வருவான் என்று தோன்றியபோது அவளுக்கு அழுகை வந்தது.