ராஜராஜேஸ்வரியோடு ஒரே பந்தியில்

தாலுகா ஆபீஸ் சிவசைலம் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவனுக்கு இடுப்பு ஒடிந்துவிடும் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தச் சிவசைலம் நான்தான். நான் சாப்பிடுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் பல பேர். சாப்பாட்டை நிறுத்த வைத்த ஆள் ஒருத்திதான். பெயர் ராஜராஜேஸ்வரி. பெயர்தான் அவ்வளவு நீளம், ஆள் என்னவோ முழங்கை அளவுதான். என் தம்பி குமரவேலின் மகள்.

திருநெல்வேலி டவுனில் தம்பி குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். தொண்ணூற்று நான்காம் வருஷம், அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இது தொடங்கியது. அன்றைக்கு உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல், சுட்ட அப்பளம். இவை ஒரே இலையில் சேர்ந்துவிட்டால் நான் யாரோடும் பேச மாட்டேன். எதிரே என் மனைவி பார்வதியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கவளத்தை எடுத்தேன். என் கை மேலே வந்தது, குழந்தையின் கண்ணும் கூடவே மேலே வந்தது. நான் மென்றேன், அவளும் பல்லில்லாத வாயை அசைத்தாள். என் தாசில்தார்கூட என்னை அப்படி உற்றுப் பார்த்தது கிடையாது. மூன்றாம் தடவை சோறு வாங்கியபோது, எச்சில் ஒழுக என் இலையை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள்.

சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மூன்று தடவை வாங்கித் தின்றவனுக்கு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்றான் தம்பி. பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன், கழன்ற மரையைப் பார்ப்பது போலத்தான் என்னையும் பார்ப்பான். பார்வதியம்மாள் நாகர்கோவில்காரி. அவள் ஊரில், ஆசையோடு ஒருவர் பார்க்க இன்னொருவர் தின்றால் தின்றவர் வயிற்றுக்கு ஆகாது. அதற்குக் கொதி என்று பெயர்.

"பச்சப்புள்ள கொதிங்க இது. லேசுல விடாது" என்று சொல்லி, கல்லுப்பை உள்ளங்கையில் வைத்து என்னவோ முணுமுணுத்து என் வாயில் போட்டாள்.

மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். குழந்தை அழுதாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். கதவுக்கு வெளியே இருந்து அழுதாள். சொந்த வீட்டில், சொந்தச் சம்பளத்தில் வாங்கின அரிசியைத் திருடன் மாதிரி தின்ன வேண்டியதாகிவிட்டது.

தம்பி மனைவி விஜயஸ்ரீ சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள்.

"கொதியும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தான். புள்ளைக்குக் கழுத்து நின்னுட்டு. பிடிச்சுக்கிட்டா உக்காருதா. நாம திங்கதைப் பாத்து வாயை அசைக்கா. சோறு கொடுக்கிற காலம் பக்கத்துல வந்துட்டுன்னு அர்த்தம், டாக்டரம்மா சொன்னாங்க. ஆறு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் என் பால் போதும்."

ஆறு மாதம் முடிந்ததும் குறுக்குத்துறை முருகன் கோயிலில் முதல் வாய் கொடுப்பது என்று முடிவாயிற்று. "யாரு ஊட்டுதா?" என்று, சும்மா கேட்பது போலக் கேட்டு வைத்தேன்.

"தாய்மாமன்தான். முக்கூடல்ல இருந்து காந்திமதிநாதன் வாறான்" என்றான் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் பார்வதிக்கும் பிள்ளை கிடையாது. இனிமேல் இல்லை என்பதும் தெரியும். இவளை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்றைக்கே, இவளுக்கு முதல் வாய்ச் சோறு நான் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். மொட்டை போடவும் மாமன் மடி, காது குத்தவும் மாமன் மடி. பெரியப்பனுக்கு என்று யாராவது ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறார்களா? வேன் பேசிக் கொடுக்கிற வேலைதான் மிச்சம். வாய் திறந்து கேட்டால் தம்பி தந்துவிடுவான். மாமன் முறையைப் பறித்ததாகிவிடும், அதனால்தான் கேட்கவில்லை.

காந்திமதிநாதன் பட்டு வேட்டியும் வெள்ளிக் கிண்ணமுமாக வந்து இறங்கினான். விஜயஸ்ரீ வீட்டிலேயே பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, மசித்து, சொட்டு நெய் விட்டுக் கொண்டுவந்திருந்தாள். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நாக்கில் கொஞ்சம் தேன் தொட்டு வைக்கலாமே என்று பார்வதி இழுத்தாள்.

"ஒரு வயசு ஆகுத வரைக்கும் தேன் ஆகாதுக்கா. தண்ணியா கரைச்சும் கொடுக்கக் கூடாது. கரண்டியைச் சாய்ச்சா வழியாம நிக்கணும். அப்பத்தான் உடம்புல ஒட்டும்."

மாமன் ஊட்டப் போனான். ராஜராஜேஸ்வரி வாயைப் பூட்டிக்கொண்டாள். எப்படியோ உள்ளே போன துளியையும் நாக்கால் வெளியே தள்ளி மாமனின் பட்டு வேட்டியில் சேர்த்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், அதை மறைப்பானேன். தம்பி சாவிக்கொத்தை ஆட்டினான். பார்வதி காக்கா மாதிரி கத்தினாள். நிஜக் காக்கா ஒன்று வந்ததே தவிர குழந்தை வாய் திறக்கவில்லை. "கட்டாயப்படுத்த வேண்டாம், நாளைக்கு வீட்டுல பாப்போம்" என்றாள் விஜயஸ்ரீ. காந்திமதிநாதன் முகம் செத்துப்போயிற்று.

எனக்குக் கோபம் வந்தாலும் பசிக்கும், வருத்தம் வந்தாலும் பசிக்கும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்திருந்தது. கோயில் பொங்கலை இலையில் வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டேன். மாமன் மடியில் இருந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். என் வாய் மறுபடி திறந்தது. அவள் வாயும் திறந்தது. காந்திமதிநாதன் கெட்டிக்காரன். கரண்டியை உள்ளே விட்டுவிட்டான்.

"முழுங்கிட்டா! முழுங்கிட்டா!"

நான் கையை நிறுத்தினேன். அவள் வாயை மூடினாள்.

"அண்ணாச்சி, நிறுத்திராதீங்க! பைய சாப்பிடுங்க, பைய!" என்று கெஞ்சினான் காந்திமதிநாதன்.

ஊட்டுகிற பெருமை அவனுக்கு, தின்கிற வேலை எனக்கு. என் ஆயுசில் அன்றைக்குத்தான் பொங்கல் எனக்கு ருசிக்கவில்லை. ஆனாலும் தின்றேன். குழந்தை சாப்பிட வேண்டுமே.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டிலும் நான் எதிரே உட்கார்ந்து தின்றால்தான் வாய் திறப்பது என்று குழந்தை முடிவு செய்துவிட்டாள். காலையில் நான் உட்கார்ந்த பிறகுதான் கிண்ணமே வரும். கொஞ்ச நாளில் என் தட்டையும் தன் கிண்ணத்தையும் ஒத்துப் பார்க்கத் தெரிந்துகொண்டாள். எனக்குப் புளிக்குழம்பு, அவளுக்குக் கேப்பைக் கூழ் என்றால் செல்லாது.

"நீங்களும் இதையே சாப்பிட்டாத்தான் உண்டு அத்தான்" என்று விஜயஸ்ரீ கூழை எனக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். உப்பில்லாத கூழ். எந்தப் புதுப் பண்டத்தையும் மூன்று நாள் தனியாகக் கொடுத்துப் பார்த்து, வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால்தான் அடுத்ததற்குப் போவாள். ஆகவே மூன்று நாள் மசித்த பூசணி, மூன்று நாள் மசித்த காரட், மூன்று நாள் வேகவைத்த ஏத்தன் வாழைப்பழம் என்று என் பிழைப்பு போயிற்று. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆபீஸில் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள். பார்வதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜமாபந்தி வந்தது. வருஷக் கணக்கெல்லாம் ஒத்துப் பார்க்கிற அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாடே கிடையாது. ஒரு நாள் அந்தி சாய வீட்டுக்கு வந்து, அப்படியே கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். ராஜராஜேஸ்வரிக்கு எட்டு மாதம். தனியாக உட்கார்ந்து, கையில் இட்லித் துண்டை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் என் கையைப் பார்த்தாள். கை சும்மா இருந்தது. எனக்கு முன்னால் தரையைப் பார்த்தாள். தட்டு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

பிறகு வாயிலிருந்த இட்லியை எடுத்து, தவழ்ந்து வந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாயைத் தொறங்களேன்" என்றாள் பார்வதி. அவள் குரல் உடைந்திருந்தது. திறந்தேன். பாதி வாயிலும் பாதி மீசையிலும் போயிற்று. நான் விக்கி விக்கி அழுதுவிட்டேன். முதல் வாயை நான் கொடுக்கவில்லையே என்று அதுவரை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த மனுஷன், அதை நினைக்கவே மறந்துபோனேன்.

"அண்ணனுக்கு இன்னைக்கித்தான் சோறூட்டு. முக்கூடலுக்குச் சொல்லிவிட்டு மாமனைக் கூட்டியாரச் சொல்லவா?" என்று கேலி செய்தான் தம்பி.

"ஏலே, சும்மா கெட" என்றேன். "அவ அடுத்த வாய் எடுக்கா."